துணிப் பாப்பாவுக்கு வைத்த பேர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கட்டிவிட்ட கதை இல்லை. காக்ஸ் டவுனில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், வாசலில் கொய்யா மரம் நிற்கும் ஓட்டு வீட்டில் நடந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம், டிசம்பர் மாசம். பிரிஜெட் தன் வாயால் சொன்னதை அவள் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன். நம்ப முடியாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை. இருக்கிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் காலித் தொட்டில் எதுவும் தொங்கினால் கழற்றி வைத்துவிட்டு வந்து உட்காருங்கள்.

இன்னொன்று. பிரிஜெட் பயந்தாங்கொள்ளி இல்லை. பயமே வராதவள். இதில் கோளாறே அதுதான்.

அந்த வீட்டில் இருந்தது யூஜின், பிரிஜெட்டின் தம்பி. ராணுவக் கணக்கு ஆபீசில் கிளார்க். அவன் மனைவி டோரீன். நாலு வயசில் நோரா என்று ஒரு மகள். டோரீனுக்கு எட்டு மாசம் முடிந்து ஒன்பது நடந்துகொண்டிருந்தது. நோராவுக்குப் பிறகு இரண்டு கரு தங்காமல் போயிருந்தன. இந்தத் தடவை கால் இரண்டும் வீங்கி, எழுந்து நின்றால் தலை சுற்றியது. லேடி டாக்டர் வந்து பார்த்துவிட்டு யூஜினை வராந்தாவுக்கு அழைத்துப் போய்ச் சொன்னாள்.

"ராத்திரி அசந்து தூங்கணும் அவங்க. தூக்கம் கெட்டா புள்ளயும் தங்காது, தாய்க்கும் நான் ஜவாப்தாரி இல்ல. உஷாரா பாத்துக்கோங்க."

தூங்க விட்டால்தானே.

நடு ராத்திரி தாண்டி ஒன்றே காலுக்குக் கூட்ஸ் ரயில் ஒன்று போகும். அது போய்ச் சத்தம் அடங்கின கையோடு நோரா எழுந்து உட்காருவாள். முதலில் சிணுங்கல், பிறகு அலறல். அம்மா கட்டிலில் ஏறி, அம்மாவுக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து, அந்த வயிற்றின் மேலேயே காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு படுப்பாள். இறக்கிப் படுக்கவைத்தால் மறுபடியும் அலறல். விடிகிற வரைக்கும் இதே பேஜார்.

யூஜின் செய்து பார்க்காதது இல்லை. பாலில் தேன் கலந்து கொடுத்தான். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டான். அவள் கழுத்தில் மாதா படம் தைத்த புது உத்தரியம் கட்டினான். பங்குச் சாமியாரை அழைத்து வந்து வீடு முழுக்கத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கச் சொன்னான். ஒரு நாள் பொறுக்க முடியாமல் அதட்டியும் பார்த்தான், அன்றைக்கு மகளோடு சேர்ந்து தாயும் அழுததுதான் மிச்சம். கடைசியில் அக்காவை வரச் சொல்லித் தந்தி அடித்தான்.

பிரிஜெட் அப்போது கோலார் தங்கவயலில் மாமியாரோடு இருந்தாள். புருஷன் ரெமிஜியஸ் மூன்று வருஷத்துக்கு முன்னால் டைபாய்டில் போய்விட்டான். அவன் போனபோது அவள் வயிற்றில் ஏழு மாசம். இரண்டு மாசம் கழித்துப் பிள்ளை பிறந்தது. பிறக்கும்போதே உயிர் இல்லை என்றார்கள். இவளுக்கு இரண்டு நாள் நினைவு தப்பிக் கிடந்தது, கண்ணைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை, அதனால் பேரும் இல்லை, கல்லறைச் சுவருக்கு வெளியேதான் புதைத்தோம் என்றாள் மாமியார். சரி என்றாள் பிரிஜெட்.

அன்றைக்கு மரத்துப்போனவள். ஒரே பக்கமாகப் படுத்தால் கை மரத்துப்போகுமே, கிள்ளினாலும் தெரியாதே, அந்த மாதிரி ஆள் முழுக்க. சமைத்தாள், துணி தைத்தாள், பூசைக்குப் போனாள், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தாள். துக்கம் வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. எது வந்தாலும் வாசலோடு நின்று திரும்பிப் போனது.

அவளைக் கண்டதும் டோரீன் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்களத்தான் நம்பியிருக்கேன் அண்ணி. இந்தப் புள்ளயாவது எனக்கு நிக்கணும்."

"நீ தூங்கு. நோராவ நான் பாத்துக்கறேன்."

பாசத்தில் சொன்னது இல்லை அது. வேலைக்காக வந்தாள், வேலையைப் பார்த்தாள்.

மறுநாள் மத்தியானம் கொய்யா மரத்தடியில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்தாள். பக்கத்தில் நோரா. உரித்த கொட்டையில் பாதி குழந்தையின் பாவாடைக்குள் போய்க்கொண்டிருந்தது.

"ராத்திரி எதுக்கு முழிச்சுக்கற?"

"பாப்பா வந்துருச்சான்னு பாக்க."

"வந்தா என்ன?"

"அம்மா கட்டில்ல எனக்கு எடம் இருக்காது."

வேறு யாராவது என்றால் கட்டிப் பிடித்து, அப்படியெல்லாம் இல்லடி கண்ணு என்று கொஞ்சியிருப்பார்கள். பிரிஜெட்டுக்குக் கொஞ்ச வரவில்லை. "ஆமா, இருக்காது" என்றாள். நோரா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்த வீட்டில் அவளுக்கு நிஜத்தைச் சொன்ன முதல் ஆள் இவள்தான்.

"நீ எங்கூட முன்னறைல படுத்துக்கோ. பாப்பாவத் தூங்க வைக்கறது எப்படின்னு சொல்லித் தரேன். அது தெரிஞ்சவதான் அக்கா."

முன்னறையில் தொட்டில் ஏற்கெனவே தொங்கியது. தேக்கு மரத் தொட்டில், சங்கிலி போட்டது, யூஜினும் பிரிஜெட்டும் கிடந்து வளர்ந்தது. பரணிலிருந்து இறக்கி வார்னிஷ் அடித்து மாட்டியிருந்தான் யூஜின். அதில் போட ஒரு பாப்பா வேண்டுமே. வரப்போகிற பிள்ளைக்குக் கிழித்துப் போடலாம் என்று பிரிஜெட் ரெமிஜியஸின் பழைய வேட்டி ஒன்றை டிரங்குப் பெட்டியில் கொண்டுவந்திருந்தாள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வேட்டி. அதை வெட்டித் தைத்து, உள்ளே இலவம்பஞ்சை அடைத்து, ஒரு துணிப் பாப்பா செய்தாள். கண் மூக்கு எதுவும் வைக்கவில்லை. தூக்கினால் தூக்கின மாதிரியே இருக்காது, அவ்வளவு லேசு.

அன்றைக்கு ராத்திரி நோரா அதைத் தொட்டிலில் போட்டு ஆட்டினாள். அவளே தூங்கியும் போனாள். ஆனால் கூட்ஸ் ரயில் போனதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். உள்ளே டோரீன் புரண்டு முனகுவது கேட்டது.

"இப்போ என்ன?"

"பாப்பா தூங்க மாட்டேங்குது அத்தை. அதுக்குப் பேரே இல்ல. சாமியார் தண்ணி ஊத்தவேயில்ல."

போன ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்ததைப் பார்த்திருக்கிறாள். அது மனசில் பதிந்துவிட்டது. மறுநாள் காலையிலிருந்து இதே பாட்டுத்தான். சாப்பாடு வேண்டாம், தண்ணி ஊத்து. தலை வாரவேண்டாம், தண்ணி ஊத்து.

விளையாட்டுக்குக்கூடச் செய்யக் கூடாத காரியம் அது. ஆபத்து நேரத்தில் சாமியார் இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தண்ணீர், சொல்ல வேண்டிய ஒரே ஒரு வாக்கியம், ஒரு பேர், இவ்வளவு போதும். கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்ப வாங்க முடியாது. இதை ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவளே பிரிஜெட்தான். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும்.

ஆனால் டோரீன் தூங்க வேண்டும். அது ஒன்றுதான் அவள் கண்ணில் பட்டது. டம்ளரில் தண்ணீர் எடுத்தாள்.

"என்ன பேரு வைக்கலாம்?"

"அலெக்சாண்டர்."

அது பிரிஜெட், யூஜின் இரண்டு பேருக்கும் அப்பாவின் பேர். யூஜினுக்கு முதல் பையன் பிறந்தால் தாத்தா பேர்தான் என்று வீட்டில் முடிவாகி வெகு நாளாயிற்று.

"அது வரப்போற தம்பிக்கு வச்ச பேரு."

"இவந்தான தம்பி" என்றாள் நோரா.

உணர்ச்சி உள்ள மனசு என்றால் அந்த இடத்தில் நின்றிருக்கும். பிரிஜெட் நிற்கவில்லை. துணித் தலையில் தண்ணீரை ஊற்றினாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். பேரையும் சொன்னாள்.

ஒரு டம்ளர் தண்ணீர். சிவப்புத் தரையில் ஒரு சொட்டு விழவில்லை. அத்தனையும் துணி குடித்துவிட்டது. இது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி கூட்ஸ் ரயில் வந்தது, போனது. நோரா அசையவில்லை. விடியும் வரை அதே பக்கம் படுத்துத் தூங்கினாள். டோரீனும் தூங்கினாள். காலையில் யூஜின் வெளியே போய் வெண்ணெய் பன் வாங்கி வந்து அக்கா தட்டில் இரண்டாக வைத்தான். "அக்கா, நீ வந்ததே போதும்" என்றான். மூன்று நாளில் டோரீனின் கால் வீக்கம் பாதியாக வடிந்தது. வீடே மூச்சுவிட்டது.

நாலாம் நாள் காலை துணிப் பாப்பாவை எடுத்தபோது அடியில் ஈரம். ராத்திரிப் பனி இறங்கியிருக்கும் என்று வெயிலில் போட்டாள். ஓட்டு வீட்டுக்குள் தொட்டிலில் மட்டும் எப்படிப் பனி இறங்கும்? கேட்டுக்கொள்ளவில்லை.

ஐந்தாம் நாள் தொட்டிலில் விரித்திருந்த துணி நடுவில் குழிந்திருந்தது. கனமான எதுவோ ராத்திரி முழுக்கக் கிடந்து எழுந்த குழி. துணிப் பாப்பாவைக் கையில் எடுத்தாள். நேற்றைவிடக் கனம். ஈரம் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு மத்தியானம் நோரா தரையில் உட்கார்ந்து கரித்துண்டால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"அத்தை, அவனுக்குப் பசிக்குதாம்."

"அப்படியா. நீ பால் குடு."

"எங்கிட்ட கேக்கல. ஒங்கிட்டதான் வேணுமாம்."

குழந்தை பேச்சு. பிரிஜெட் உலையில் அரிசி போட எழுந்து போனாள்.

அன்றைக்கு ராத்திரி...

கூட்ஸ் ரயிலின் கடைசிச் சத்தமும் தேய்ந்து போனது. பிறகு, கிரீச்... சங்கிலிச் சத்தம். நின்றது. மறுபடி, கிரீச்...

நோரா இவள் பக்கத்தில் பாயில் இருந்தாள். அவள் மூச்சு இவள் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. காற்று இல்லை.

வேறு ஆளாக இருந்தால் அலறியடித்துக்கொண்டு வெளியே ஓடியிருப்பார்கள். பிரிஜெட் எழுந்து தொட்டில்கிட்டே போனாள். உள்ளே கையை விட்டாள்.

சூடு.

துணிதான், பஞ்சுதான். ஆனால் சூடாக இருந்தது. கையை வைத்தபடியே நின்றாள். உள்ளங்கைக்குக் கீழே எதுவோ ஒரு தடவை எழும்பித் தணிந்தது. பிறகு ஒரு தடவை. மூச்சு எப்படி இருக்குமோ அப்படி.

அவள் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எழுந்தபோது ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது. மூன்று வருஷமாக வறண்டு கிடந்த உடம்பு. விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தாள். பால்.

அப்போதும் பயம் வரவில்லை. வந்தது வேறு. மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவளுக்கு எதுவோ வேண்டும் போலிருந்தது. எப்போது ராத்திரி வரும் என்றிருந்தது. யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை.

இப்படி நாலு ராத்திரி போயிற்று.

அடுத்த நாள் டோரீன் கூப்பிட்டாள். குரலே சரியில்லை. "அண்ணி, கொழந்த சரியா அசையல. ராத்திரியானா அசைவே இல்ல. பகல்லயும் கொறஞ்சுகிட்டே வருது."

லேடி டாக்டர் வந்தாள். மரக் குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தாள். இடத்தை மாற்றினாள். மறுபடி மாற்றினாள். ரொம்ப நேரம் ஆயிற்று. "துடிப்பு இருக்கு" என்றாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

பிரிஜெட் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நெஞ்சுக்குள் சுருக்கென்று எதுவோ குத்தியது. மரத்த காலில் ரத்தம் திரும்பும்போது முதலில் குத்தும் அல்லவா, அதுதான்.

அன்றைக்கு ராத்திரி தொட்டில் ஆட ஆரம்பித்ததும் அவள் அதைத் தூக்கவில்லை. நேராக உள் அறைக்குப் போனாள். தூங்கிக்கொண்டிருந்த டோரீனின் வயிற்றில் கையை வைத்தாள்.

அசைவு இல்லை.

முன்னறையில் கிரீச்... கிரீச்...

திரும்பி வந்தாள். துணிப் பாப்பாவை எடுத்தாள். அவள் விலாவில் நன்றாக ஓர் உதை விழுந்தது.

தொட்டிலில் போட்டாள். ஓடினாள். மறுபடி டோரீன் வயிற்றில் கை.

இல்லை.

இங்கே உதை. அங்கே ஒன்றுமில்லை.

வரப்போகிற பிள்ளைக்கு வைத்திருந்த பேரை, அவனுக்கு ஊற்ற வேண்டிய தண்ணீரை, இவள் எடுத்து வேறு எதற்கோ கொடுத்துவிட்டாள். அது குடித்துக்கொண்டிருக்கிறது. அவனையும் சேர்த்துக் குடிக்கிறது.

அப்போது வந்தது பயம். மூன்று வருஷத்துப் பயமும் சேர்ந்து வந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் பயத்தோடு இன்னொரு நினைப்பும் வந்தது என்றாள் என்னிடம். ஒரே நிமிஷம். இருந்துவிட்டுப் போகட்டுமே என்ற நினைப்பு. டோரீனுக்கு நோரா இருக்கிறாள். எனக்கு யார் இருக்கிறார்கள்? இதை அவள் மறைக்கவில்லை, நானும் மறைக்கப்போவதில்லை.

பொழுது விடிந்ததும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். தையலைப் பிரித்தாள். உள்ளே பஞ்சு மொத்தமும் நனைந்து கனத்து, பால் வாடையடித்தது. வெந்நீர் அண்டாவின் அடுப்பில் பஞ்சைப் போட்டாள். வேட்டித் துணியையும் போட்டாள். சுலபமாகப் பிடிக்கவில்லை. ரொம்ப நேரம் புகைந்துவிட்டுத்தான் எரிந்தது.

நோரா வந்து அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"துணிய எதுக்கு எரிக்கற?"

"பாப்பா போயிட்டான் நோரா."

"எங்க போனான்? தொட்டில்லதான இருக்கான்."

பிரிஜெட் முன்னறைக்குப் போய்ப் பார்த்தாள். காலித் தொட்டில். ஒரு கயிற்றை எடுத்துத் தொட்டிலைச் சேர்த்து ஜன்னல் கம்பியில் இறுக்கிக் கட்டினாள். நோராவைப் பக்கத்து வீட்டு ஜோசஃபினிடம் கொண்டுபோய் விட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலமே டோரீனுக்கு வலி கண்டது. மழை பிடித்துக்கொண்டது. யூஜின் ஜட்காவில் போய் நர்ஸம்மாவைக் கூட்டி வந்தான். ஆம்பளை இங்கே என்ன செய்கிறாய் என்று அவனை அவள் வராந்தாவுக்குத் துரத்தினாள்.

ராத்திரி மூன்று மணியும் அடித்தது. அதற்குக் கொஞ்சம் பிறகு பிள்ளை பிறந்தது. பையன்.

நீலம் பாரித்திருந்தான். சத்தமில்லை.

நர்ஸம்மா காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித் தட்டினாள். முதுகைத் தேய்த்தாள். வாயில் விரலை விட்டுத் துடைத்தாள். ஒன்றுமில்லை. அவளும் கோவிலுக்குப் போகிறவள். "ஜல்தி தண்ணி குடு" என்றாள் பிரிஜெட்டிடம். "என்ன பேரு?"

டோரீன் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "அலெக்சாண்டர்."

நர்ஸம்மா தண்ணீரை ஊற்றினாள். அந்தப் பேரைச் சொன்னாள்.

அழுகை கேட்டது.

பச்சைக் குழந்தையின் அழுகை. வீறிட்டு, நன்றாக, தெளிவாக.

வராந்தாவிலிருந்து யூஜின் சத்தம் போட்டான். "சேசுவுக்குத் தோத்திரம். பொறந்துருச்சா? என்ன புள்ள?"

நர்ஸம்மா கையில் இருந்த குழந்தையைப் பார்த்தாள். அதன் வாய் மூடியிருந்தது.

அழுகை முன்னறையிலிருந்து வந்தது.

கிரீச்... கிரீச்... கிரீச்...

கயிறு போட்டுக் கட்டின தொட்டில்.

நர்ஸம்மா முன்னறைப் பக்கம் திரும்பினாள். "அங்க யாரும்மா இருக்கா?"

"அந்தப் பேரு இவனுக்கு இல்ல" என்றாள் பிரிஜெட். "அதுக்கு ஆளு இருக்கு. வேற பேரு வைங்க."

"என்ன ஒளர்ற?"

பிரிஜெட் டம்ளரைப் பிடுங்கினாள்.

அழுகை ஏறியது. கூப்பிடுகிற அழுகை. தூக்கச் சொல்கிற அழுகை.

அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தண்ணீரை ஊற்றினாள். வாயில் வந்த பேர், சிரில். சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

முன்னறையில் அழுகை பாதியில் நின்றது.

ஓட்டின் மேல் மழை மட்டும்...

பிறகு நர்ஸம்மாவின் கையில் இருந்தவன் தும்மினான். மூச்சை இழுத்தான். அழுதான்.

சிரில் பிழைத்தான். டோரீனும் பிழைத்தாள். தாத்தா பேரை விட்டுவிட்டு குடும்பத்திலேயே இல்லாத பேரை வைத்துவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் பிரிஜெட்டைக் கரித்துக்கொட்டினார்கள். டோரீன் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யூஜின் கடைசி வரைக்கும் பிள்ளை பிறந்தது மூன்று மணி பத்து நிமிஷம், நான் கடிகாரத்தைப் பார்த்தேன் என்று சாதித்தான். நர்ஸம்மா மூன்றே கால் தாண்டித்தான் இவன் அழுதான் என்றாள். முதலில் கேட்டது எது என்று இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. விடிந்து பார்த்தபோது ஜன்னல் கம்பியில் கயிறு முடிச்சு அவிழாமல் இருந்தது, தொட்டில் பக்கம் மட்டும் தேய்ந்து அறுந்து தொங்கியது.

நோரா வந்து சிரிலை எட்டிப் பார்த்தாள். "இவன் வேற பாப்பா" என்றாள். அதற்குப் பிறகு அவள் ராத்திரியில் எழுந்ததே இல்லை. நல்ல அக்காவாகத்தான் இருந்தாள்.

பிரிஜெட் அங்கேயே தங்கிவிட்டாள். மறுவருஷம் செப்டம்பரில் மாதா திருவிழா வந்தது. தங்கவயலிலிருந்து சனம் ரயில் ரயிலாக வந்து இறங்கியது. கூட்டத்தில் ஒரு கிழவி பிரிஜெட்டின் கையைப் பிடித்து நிறுத்தினாள். கேத்தரின். பிரிஜெட்டுக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி.

"ஒன்னத் தேடிக்கிட்டுத்தான் வந்தேன். ஒம் மாமியா போன மாசம் கண்ண மூடிட்டா. அவ இருக்கற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருந்தேன்." கோவில் மதிலோரம் அழைத்துப் போனாள். "ஒம் புள்ள செத்துப் பொறக்கல பிரிஜெட். உசுரோடதான் பொறந்தான். உசுரோட பொறந்த புள்ள போயிட்டான்னா நீ தாங்க மாட்ட, இப்பிடிச் சொன்னா மனசு ஆறிடும்னு ஒம் மாமியாதான் சொன்னா. சுவத்துக்கு வெளிய வைக்கல அவன. உள்ளதான் இருக்கான். நாந்தான் தண்ணி ஊத்தினேன்."

"அப்போ பேரு?" என்றாள் பிரிஜெட்.

"அதுக்குத்தான் ஒங்கிட்ட குனிஞ்சு காதுல கேட்டேன். ஒனக்கு நெனவே இல்ல, கண்ணும் தொறக்கல. ஆனா நீதான் சொன்ன. அலெக்சாண்டர்னு. ஒங்க அப்பா பேராமே."

"எவ்ளோ நேரம் இருந்தான்?"

"விடியற வரைக்கும்."

"அழுதானா?"

"அழுதுகிட்டேதான் இருந்தான். ஒனக்கு ரத்தம் நிக்கல. நாங்க அத்தன பேரும் ஒன்னத்தான் சுத்தி நின்னோம்." கேத்தரின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "மூலைல ஒரு பொட்டி மேல துணி விரிச்சுப் போட்டிருந்தோம். யாரும் போய்த் தூக்கல."

சுற்றிலும் திருவிழாக் கூட்டம். பிரிஜெட் மதிலோரம் அப்படியே உட்கார்ந்து அழுதாள். நாலு வருஷத்து அழுகை. தேர் போய்த் திரும்பி வரும் வரைக்கும் அழுதாள்.

இதையெல்லாம் அவள் என்னிடம் சொன்னது ரொம்ப வருஷம் கழித்து. சொல்லி முடித்த பிறகு நான்தான் கேட்டேன், சிரில் பிறந்த அன்றைக்கு அந்த அழுகையைக் கேட்டுப் பயமாக இல்லையா என்று.

"பயம் என்ன பயம்" என்றாள் பிரிஜெட். "நடுவுல ஒரு செவுருதான். எம்புள்ள அழுதான். போய்த் தூக்கியிருக்கலாம்."